ஜிம் சைக்கிள் காட்டும் கலோரி கணக்கு உண்மையா? ரோட்டில் ஓட்டினால் எவ்வளவு எரியும்? முழு விளக்கம்

70 கிலோ எடை உள்ள ஒருவர் ஜிம்மில் அரை மணி நேரம் சைக்கிள் மிதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மெஷின் திரையில் 400 கலோரி என்று வருகிறது. கையில் கட்டியிருக்கும் ஸ்மார்ட் வாட்ச் 290 என்கிறது. மொபைல் ஆப்பில் போட்டுப் பார்த்தால் 240. ஒரே ஆள், ஒரே அரை மணி நேரம், ஆனால் மூன்று கணக்கு. இதில் எதை நம்புவது?

இது வெறும் நம்பர் விவகாரம் இல்லை. '400 எரிச்சாச்சு, அந்த அளவுக்குச் சாப்பிடலாம்' என்று முடிவு செய்பவர், உண்மையில் எரிந்தது 240 என்றால், தினமும் 160 கலோரி கூடுதலாகச் சாப்பிடுகிறார். மாதத்துக்கு 4,800 கலோரி. உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. அதாவது, தவறாமல் ஜிம்முக்குப் போயும் மாதம் அரை கிலோவுக்கு மேல் எடை ஏற வாய்ப்பு இருக்கிறது. 'எவ்வளவு மிதிச்சாலும் வெயிட் குறையலையே' என்ற புலம்பலுக்குப் பின்னால் பல நேரம் இருப்பது இந்தக் கணக்குதான்.

கணக்கின் அடிப்படை என்ன?

நாம் பேச்சில் கலோரி என்று சொல்வது உண்மையில் கிலோ கலோரி. சும்மா உட்கார்ந்திருந்தாலும் உடம்பு எரிபொருளைச் செலவழித்துக்கொண்டேதான் இருக்கும். இதயம், மூளை, நுரையீரல் எதற்கும் லீவு கிடையாது. இந்தச் செலவு தோராயமாக ஒரு கிலோ எடைக்கு ஒரு மணி நேரத்துக்கு 1 கலோரி. 70 கிலோ ஆள் என்றால் மணிக்கு 70 கலோரி.

இந்த அளவுக்கு 1 'மெட்' என்று பெயர். ஒரு வேலை 5 மெட் என்றால், சும்மா இருப்பதைப் போல 5 மடங்கு செலவாகிறது என்று அர்த்தம். அமெரிக்க ஆய்வாளர் பார்பரா எய்ன்ஸ்வொர்த் தலைமையிலான குழு 1993ல் இதற்கென ஒரு பட்டியலை வெளியிட்டது. வீடு பெருக்குவதில் தொடங்கி ஓட்டப்பந்தயம் வரை எல்லாவற்றுக்கும் அதில் மெட் மதிப்பு உண்டு. மொபைல் ஆப்கள் பலவற்றின் கணக்கும் இந்த முறையில்தான் ஓடுகிறது.

ஃபார்முலா ரொம்ப சிம்பிள். மெட் மதிப்பு × எடை (கிலோவில்) × நேரம் (மணியில்). அவ்வளவுதான்.

அந்தப் பட்டியலின் 2011ம் ஆண்டு பதிப்பை வைத்து, 70 கிலோ ஆள் அரை மணி நேரம் ஓட்டினால் என்ன வரும் என்று பார்க்கலாம்.

ரோட்டில் மணிக்கு 16 கி.மீ.க்கும் கீழே, நிதானமாக: 4 மெட், 140 கலோரி.
ரோட்டில் 16 முதல் 19 கி.மீ. வேகம்: 6.8 மெட், 238 கலோரி.
ரோட்டில் 19 முதல் 22 கி.மீ. வேகம்: 8 மெட், 280 கலோரி.
ஜிம் சைக்கிளில் லேசாக, 51 முதல் 89 வாட்: 4.8 மெட், 168 கலோரி.
ஜிம் சைக்கிளில் மிதமாக, 90 முதல் 100 வாட்: 6.8 மெட், 238 கலோரி.
ஜிம் சைக்கிளில் அழுத்தி, 101 முதல் 160 வாட்: 8.8 மெட், 308 கலோரி.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இந்த எண்கள் எல்லாவற்றிலும் சும்மா இருந்தாலே எரிந்திருக்கும் 35 கலோரியும் சேர்ந்தே இருக்கிறது. சைக்கிள் ஓட்டியதால் மட்டும் எரிந்தது எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் அதைக் கழிக்க வேண்டும். 238 என்பது 203 ஆகிவிடும். மெஷின்கள் பெரும்பாலும் கழிக்காத எண்ணைத்தான் காட்டும்.

ரோட்டில் ஓட்டினால் ஏன் கணக்கு மாறுகிறது?

சமதளத்தில் வேகம் கூடக் கூட சைக்கிள்காரருக்குப் பெரிய எதிரி காற்றுதான். வேகம் 2 மடங்கு ஆனால், காற்றைக் கிழித்துக்கொண்டு போகத் தேவைப்படும் சக்தி 8 மடங்கு ஆகிறது. மணிக்கு 15 கி.மீ.யில் ஜாலியாகப் போகிற ஆள் 30 கி.மீ.யைத் தொட மூச்சு வாங்குவது இதனால்தான்.

எதிர்காற்றும் இதே கதைதான். ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் பக்கம் போகும்போது எதிர்காற்று, திரும்பும்போது பின்காற்று என்றால், இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் ஓட்டினாலும் செலவு ஒன்றாக இருக்காது. குழுவாக ஓட்டும்போது முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்வதால், அவரை ஒட்டிப் பின்னால் வருபவருக்கு உழைப்பு கணிசமாகக் குறையும். வேகத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போடும் ஆப்புக்கு இது எதுவும் தெரியாது.

அடுத்தது சிக்னல். ஊருக்குள் ஒரு மணி நேரம் ஓட்டினால், அதில் நிற்கிற நேரம், மிதிக்காமல் உருள்கிற நேரம் எல்லாம் உண்டு. ஆப்பில் 'ஒரு மணி நேரம்' என்று முழுசாகப் போட்டால் எண் கூடுதலாகத்தான் வரும். ஜிம் சைக்கிளில் இந்தச் சலுகை கிடையாது. பெரும்பாலும் விடாமல் மிதித்தாக வேண்டும். அதனால் 'ரோட்டில் ஓட்டினால்தான் அதிகம் எரியும்' என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. எவ்வளவு அழுத்தி, எவ்வளவு நேரம் மிதிக்கிறோம் என்பதுதான் முடிவு செய்யும்.

ஜிம் மெஷின் எங்கே தடுமாறுகிறது?

முதல் பிரச்சினை எடை. பல மெஷின்கள் ஆரம்பத்தில் எடையைக் கேட்கும். அவசரத்தில் அதைத் தள்ளிவிட்டு மிதிக்க ஆரம்பித்தால், மெஷின் தானாகவே ஒரு எடையை வைத்துக்கொண்டு கணக்குப் போடும். 55 கிலோ பெண்ணுக்கு அந்த எண் பொருந்தவே பொருந்தாது.

இரண்டாவது, விலை குறைந்த மெஷின்கள் பல, காலில் இருந்து வரும் விசையை நேரடியாக அளப்பதில்லை. ரெசிஸ்டன்ஸ் லெவல் என்ன, நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று பார்த்து ஒரு உத்தேச எண்ணைக் காட்டுகின்றன. மெஷின் பழசாகி, பெல்ட்டும் பேடும் தேய்ந்து, பெடல் லூசாகச் சுற்றினாலும் திரையில் அதே எண்தான் ஓடும்.

மூன்றாவது, மெட் ஃபார்முலாவிலேயே ஒரு சிக்கல். நடக்கும்போதும் ஓடும்போதும் உடல் எடை முழுவதையும் கால்தான் தூக்குகிறது. நிற்கும் சைக்கிளில் எடையைச் சீட் தாங்கிக்கொள்கிறது. 60 கிலோ ஆளும் 90 கிலோ ஆளும் அதே 100 வாட்டில் மிதித்தால், பெடலில் நடக்கும் வேலை ஒன்றேதான். ஃபார்முலாவோ 90 கிலோ ஆளுக்கு ஒன்றரை மடங்கு கலோரியைத் தூக்கிக் கொடுக்கும். எடை குறைக்க வேண்டும் என்று வருபவருக்குத்தான் இந்தக் கணக்கு அதிகமாக ஏமாற்றம் தருகிறது.

நம்பகமான வழி: வாட்

மெஷின் வாட் காட்டினால் அதைப் பிடித்துக்கொள்ளலாம். கணக்கு இதுதான்: சராசரி வாட் × மிதித்த வினாடிகள் ÷ 1000. கிடைப்பது கிலோ ஜூல். 100 வாட்டில் 45 நிமிடம், அதாவது 2,700 வினாடி மிதித்தால் 270 கிலோ ஜூல்.

இந்த 270ஐ அப்படியே கலோரி என்று எடுத்துக்கொள்ளலாம். எப்படி? ஒரு கலோரி என்பது 4.18 கிலோ ஜூல். ஆனால் உடம்பு செலவழிக்கும் சக்தியில் பெடலுக்குப் போய்ச் சேருவது 18 முதல் 25 சதவீதம் வரைதான், மீதி எல்லாம் சூடாகப் போய்விடுகிறது. நாலால் வகுத்து, திரும்ப நாலால் பெருக்குவது மாதிரி, இரண்டும் ஏறக்குறைய சரிக்குச் சரி ஆகிவிடுகிறது. புதிதாக ஓட்டுபவர்களுக்கும் மெதுவாக மிதிப்பவர்களுக்கும் உண்மையான செலவு இதைவிடக் கொஞ்சம் கூடவே இருக்கும், 350 வரைகூடப் போகலாம். எடை குறைக்க நினைப்பவருக்குக் குறைவாகக் காட்டும் கணக்கே பாதுகாப்பானது.

மலைப்பாதைக்கும் இதே முறையில் கணக்கு உண்டு. சேலத்தில் இருந்து ஏற்காடு ஏறினால் உயரம் சுமார் 1,200 மீட்டர். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்றால், அந்த உயரத்துக்குத் தூக்கவே சுமார் 1,000 கிலோ ஜூல் தேவை. அதாவது குறைந்தது 1,000 கலோரி. இறங்கும்போது பெடலைத் தொடவே தேவையில்லை, பிரேக்கில்தான் கை இருக்கும். அந்தத் தூரத்தையும் சேர்த்து 'இத்தனை கி.மீ.க்கு இத்தனை கலோரி' என்று கணக்குப் போட்டால் தப்பாகிவிடும்.

ஸ்மார்ட் வாட்ச் சரியாகச் சொல்லுமா?

இதயத் துடிப்பைச் சொல்லும். கலோரியை அல்ல. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017ல், 60 பேரை டிரெட்மில்லிலும் ஜிம் சைக்கிளிலும் ஏற்றி, மணிக்கட்டில் கட்டும் 7 கருவிகளைச் சோதித்தார்கள். அவற்றில் 6 கருவிகள் இதயத் துடிப்பை 5 சதவீதத்துக்கும் குறைவான பிழையோடு காட்டின. கலோரி விஷயத்தில் இருந்தவற்றிலேயே நல்ல கருவிகூட சராசரியாக 27 சதவீதம் தவறியது. மோசமானது 93 சதவீதம். அதன் பிறகு கருவிகள் மாறியிருக்கின்றன. ஆனால் துடிப்பை வைத்துக் கலோரியை ஊகிக்கும் அடிப்படைச் சிக்கல் அப்படியேதான் இருக்கிறது.

வெயிலில், காற்றே இல்லாத அறையில் மிதித்தால் அதே உழைப்புக்கே துடிப்பு ஏறும். டீ, காபி குடித்தாலோ, தூக்கம் இல்லை என்றாலோகூடத் துடிப்பு மாறலாம். வாட்ச் இதை எல்லாம் உழைப்பு என்று நினைத்துக் கணக்கில் சேர்த்துவிடும். வியர்வையும் அப்படித்தான். சட்டை நனைந்தால் கொழுப்பு கரைந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. மிதித்து முடித்ததும் எடை மெஷினில் குறைவது தண்ணீர். ஒரு பாட்டில் தண்ணீர் குடித்தால் திரும்ப வந்துவிடும்.

அப்போ என்னதான் செய்யணும்?

எடையையும் வயதையும் மெஷினில் சரியாகப் பதிவு செய்யுங்கள். வாட் காட்டினால் அதை வைத்துக் கணக்குப் போடுங்கள். இல்லாவிட்டால் மெட் கணக்கைப் போட்டு, சும்மா இருக்கும் செலவைக் கழித்துவிடுங்கள். வரும் எண்ணை 'இவ்வளவு இருக்கலாம்' என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே மெஷினில், அதே லெவலில் போன மாதத்தைவிட இந்த மாதம் கூடுதலாக முடிகிறதா என்று பார்ப்பதற்கு அந்த எண் உதவும். இரண்டு வெவ்வேறு ஜிம் மெஷின்களை ஒப்பிட உதவாது. எரித்த கணக்கைக் காட்டிச் சாப்பாட்டைக் கூட்டவும் கூடாது. ஒரு டேபிள் ஸ்பூன் எண்ணெயே சுமார் 120 கலோரி. அரை மணி நேரம் நிதானமாக மிதித்ததில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்நிலைக்குக் கொண்டுபோகக்கூடிய மாத்திரையோ எடுப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். திரையில் 400 வர வேண்டும் என்று வெறும் வயிற்றில் மிதித்தால் சர்க்கரை திடீரெனக் குறைந்து மயக்கம் வரலாம். எப்போது, எவ்வளவு நேரம் ஓட்டலாம் என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு 2020ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் கூறியுள்ளது. அந்தப் பரிந்துரை கலோரியில் இல்லை, நிமிடத்தில் இருக்கிறது. நிமிடத்தை எண்ண மெஷினும் வேண்டாம், ஆப்பும் வேண்டாம். வாரத்தில் 5 நாள், தினமும் அரை மணி நேரம் மிதித்தாலே 150 வந்துவிடும்.