பெமிட்டின் எல்லையும் குழியின் எல்லையும்

மண் ஏற்றிப் போகும் டிப்பர்காரரிடம் கேட்டால் வருகிற மறுமொழி அநேகமாக ஒன்றுதான்: "பெமிட் இருக்கு காக்கா." அது பல வேளை உண்மையாகவும் இருக்கும். கேட்டவர் அத்தோடு வாயடைத்துப் போய்விடுகிறார். ஆனால் பெமிட் என்பது ஆற்றையே எழுதிக் கொடுக்கும் உறுதி அல்ல. எந்த இடத்தில், எவ்வளவு பரப்பில், எத்தனை கியூப், எந்தத் திகதி வரை என்று அதற்கு எல்லைகள் உண்டு. குழி அந்த எல்லையைத் தாண்டிவிட்டதா என்பதை இன்று கல்முனையில் இருந்தபடியே ஒரு கணினித் திரையில் பார்த்துவிடலாம்.

பார்க்க வேண்டிய தேவை நமக்கு மற்றவர்களைவிடக் கூடுதல். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில் என்று நீளும் ஊர்கள் கடலுக்கும் வயல் வட்டைகளுக்கும் இடையிலான ஒடுங்கிய மணல் நிலத்தில் இருக்கின்றன. மழைநீர் அந்த மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது; நம் கிணறுகளில் ஊறுவது அதுதான். நன்னீர் மட்டம் கடல் மட்டத்தைவிட 1 மீற்றர் உயர்ந்திருந்தால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நன்னீர் தங்கும் என்பது நீரியலாரின் பழைய கணக்கு. அதே கணக்குப்படி மட்டம் அரை மீற்றர் இறங்கினால் உப்பு 20 மீற்றர் மேலேறும். ஆற்றுப் படுக்கையைத் தோண்டினால் அக்கம்பக்கத்து நிலத்தடி நீர் அந்தப் பள்ளத்தை நோக்கி வடிகிறது. முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் முன்னைவிட உள்ளே வருகிறது. 2004 சுனாமிக்குப் பிறகு இறைக்க இறைக்கக் கிணற்றில் உப்பே வந்ததை அனுபவித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

செய்மதிப் படம் என்ன காட்டும் என்று அறிய ஒலுவிலைப் பாருங்கள். கூகுள் ஏர்த் மென்பொருளைக் கணினியில் இலவசமாக இறக்கி, பழைய படங்களைக் காட்டும் கோலை 2008க்கு முன்னால் இழுத்துப் பிறகு மெல்ல முன்னகர்த்துங்கள். 2008இல் கட்டத் தொடங்கி 2013இல் திறந்த துறைமுகத்தின் தெற்கே மணல் சேர்வதும், வடக்கே கரை அரிபட்டுப் போவதும் கண்முன்னே நடக்கும். இது மண் அகழ்வால் வந்ததல்ல. கரையோரமாக நகரும் மணலை அலைதடுப்பு மறித்ததால் வந்தது. ஆனால் பாடம் ஒன்றே. காணியைக் கடலுக்குக் கொடுத்தவர் வாயால் சொன்னதைத் திகதியோடு நிரூபிக்கும் சாட்சி மேலே சுற்றிக்கொண்டிருக்கிறது.

அகழ்வுக் குழிக்கும் இதையே செய்யலாம். ஐரோப்பாவின் சென்டினல்-2 செய்மதிப் படங்கள் 2015 முதல் இலவசம். ஏறத்தாழ 5 நாளுக்கொரு படம் கிடைக்கும். அதில் ஒரு புள்ளி தரையில் 10 மீற்றருக்கு 10 மீற்றர், அதாவது சுமார் 4 பேர்ச்சஸ். டிப்பர் தெரியாது, குழி தெரியும். அமெரிக்காவின் லான்ட்சாட் படங்கள் இன்னும் பழைய காலத்துக்குக் கூட்டிப் போகும். மாரியில் முகில் மறைக்கும், பெருகிய ஆறும் குழியை மூடிவிடும். ஆகவே ஒவ்வொரு வருடத்திலும் அதே கோடை மாதத்துப் படங்களைத்தான் ஒப்பிட வேண்டும். பெமிட்டில் உள்ள ஆள்கூறுகள் இலங்கை நில அளவை வலைப்பின்னலில் இருந்தால், அவற்றைச் சரியாக மாற்றாமல் கூகுளில் இட்டால் எல்லைக்கோடு இடம் தள்ளி விழும். நம் முறைப்பாடும் அத்தோடு விழும். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, அங்கே புவியியல் துறையும் இருக்கிறது. அந்த மாணவர்களின் உதவியை ஊர் கேட்க வேண்டும்.

படத்துக்குத் தெரியாதவையும் உண்டு. குழியின் ஆழம், மரநிழலில் நடப்பது, கிணற்றின் உப்பு ஆகியவற்றை மேலிருந்து அளக்க முடியாது. கிணற்றுக்குள் நாடா இறக்கித்தான் நீர்மட்டம் அறியலாம். உப்புக்கு மின்கடத்துதிறன் பார்க்கும் சிறு கைக்கருவி போதும்.

அளவு மட்டும் போதாது என்பதற்கு ஓர் உதாரணம்: தமிழ்நாட்டில் 28 மணல் குவாரிகளை கான்பூர் ஐஐடியைக் கொண்டு இந்தியாவின் அமலாக்கத்துறை அளந்தது. 190 ஹெக்டேயருக்கு அனுமதி, தோண்டியது 987 ஹெக்டேயர் என்று அது சொன்னது. ஆனால் 2024 ஜூலையில், அமலாக்கத்துறைக்கு இதில் அதிகாரமில்லை என்று ஒப்பந்தகாரர்கள் மீதான நடவடிக்கையை சென்னை உயர் நீதிமன்றம் ரத்துச் செய்தது. எத்தனை துல்லியமாக அளந்தாலும் அதை எங்கே கொண்டுபோகிறோம் என்பது முக்கியம்.

நமக்கு முதல் இடம், 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி அகழ்வு அனுமதி வழங்கும் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அனுமதிப்பத்திரத்தின் பிரதி, எல்லை ஆள்கூறுகள், நிபந்தனைகள், முடிவுத் திகதி ஆகியவற்றைத் தமிழிலேயே கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு உண்டு.

பரப்பை அளப்பதில் இன்னொரு பலனும் இருக்கிறது. மொத்தமாக 10 ஹெக்டேயருக்கு, அதாவது ஏறத்தாழ 25 ஏக்கருக்கு மேற்பட்ட மேற்பரப்பு அகழ்வு 1993ஆம் ஆண்டு வர்த்தமானியின்படி சுற்றாடல் அனுமதி தேவைப்படும் திட்டம். சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வெளியானால் கருத்துச் சொல்ல மக்களுக்கு 30 நாள் இருக்கிறது. துண்டு துண்டாகப் பெமிட் எடுத்திருந்தால், எல்லாத் துண்டுகளும் சேர்ந்து எவ்வளவு என்பதைப் படம் ஒரே பார்வையில் சொல்லிவிடும்.

குழியால் ஊருக்கே தொல்லையென்றால், குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவின் கீழ் நீதவான் அதை நிறுத்தக் கட்டளையிடலாம். அரச அதிகாரிகளின் செயலோ செயலின்மையோ அடிப்படை உரிமையை மீறினால் இலங்கை உயர் நீதிமன்றம் இருக்கிறது. சுன்னாகத்தில் மின்நிலையத்தின் எண்ணெய்க் கழிவால் கிணறுகள் கெட்ட வழக்கில், பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபாய் கொடுக்கும்படி 2019 ஏப்ரலில் அந்த நீதிமன்றம் கம்பனிக்குக் கட்டளையிட்டது. வழக்கைத் தொடுத்தவர் ஒரு சுற்றாடல் ஆர்வலர்.

டிப்பரை மறிப்பதும், குழிக்குள் தனியாகப் போய்ப் படமெடுப்பதும் வேண்டாம், உயிருக்கு ஆபத்து. ட்ரோன் பறக்கவிட சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் விதிகளைப் பின்பற்ற வேண்டும். இல்லாவிட்டால் முறைப்பாட்டுக்காரரே குற்றவாளி ஆகிவிடுவார்.

உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவைத் தாக்கல் செய்யக் கிடைப்பது ஒரே ஒரு மாதம். அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. அந்த ஒரு மாதத்துக்குள் பழைய நீர்மட்டத்தைத் தேடிப் பிடிக்க முடியாது. பள்ளிவாசல் கிணறு, பாடசாலைக் கிணறு, வட்டை ஓரத்துக் கிணறு என்று சிலவற்றை இப்போதே தெரிவுசெய்து, மாதம் ஒருமுறை மட்டத்தையும் உப்பையும் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கலாம். அளந்தவரும் பார்த்திருந்தவரும் கையொப்பமிட வேண்டும்.