நாய்களுக்கும் கோத்திரம் பார்க்கலாம்

திருக்கடையூரில் அமிர்தகடேசுவரர் சந்நிதியில் அறுபதாம் கலியாணமோ எண்பதாம் கலியாணமோ நடவாத நாள் அரிது; சங்கற்பத்துக்கு உட்காரும் ஒவ்வொரு தம்பதியிடமும் புரோகிதர் தவறாமல் விசாரிப்பது கோத்திரம். ஒரே கோத்திரத்தில் பெண் எடுக்கலாகாது என்று விதித்துக்கொண்டவர்களே மாமன் மகளையும் அத்தை மகளையும் உரிமைப் பெண்ணாகக் கொண்டாடியது நம் நாட்டு விநோதங்களுள் ஒன்று. அது கிடக்கட்டும். இந்தக் கோத்திர விசாரத்தில் பத்தில் ஒரு பங்கேனும் நம் நாய்களின் விஷயத்தில் செலுத்தப்பட்டிருக்குமானால், ராஜபாளையம், சிப்பிப்பாறை முதலிய உயர்ந்த ஜாதிகள் இன்றுள்ள நிலைக்கு இறங்கியிரா என்பது என் அபிப்பிராயம்.

இந்த நாய் ஜாதிகள் நம் காவிரிப் படுகையில் தோன்றியவையல்ல. ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் இன்றைய விருதுநகர் மாவட்டத்து ஊர்கள். கோம்பை, தேனி மாவட்டத்தில் மலையடிவாரத்தில் இருப்பது. அந்த வறண்ட சீமைகளின் நாய்களை இப்போது நம் பக்கத்துப் பண்ணை வீடுகளிலும் கடலோரத்து இறால் குட்டைகளின் கரையிலும் காவலுக்குக் கட்டியிருக்கக் காண்கிறோம். வாங்கி வருபவர் நிறத்தைப் பார்க்கிறார், விலையைப் பார்க்கிறார். நாயை நடக்கவிட்டு, பின்னங்கால் கணுக்கள் ஒன்றையொன்று நோக்கி உட்புறமாய்ச் சாய்ந்திருக்கின்றனவா, தோளெலும்பு செங்குத்தாக நின்று எட்டின் நீளத்தைக் குறைக்கிறதா என்று கவனிப்பவர் மிகச் சிலரே.

ஒரு காலத்தில் இந்த நாய்களின் அங்க லட்சணத்தைப் பரீட்சித்தது முயல்தான். காட்டில் முயலை விரட்டிப் பிடிக்கத் திராணியற்ற நாயிடம் தம் பெட்டையைச் சேர்க்க எவரும் விரும்பாராதலால், ஆழ்ந்த மார்பும் ஏறிய வயிறும் பின்சாய்ந்த தோளும் தலைமுறை தலைமுறையாக, யாரும் ஏட்டில் எழுதிவையாமலே நிலைபெற்று வந்தன. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பிற்காலத் திருத்தங்களும் வேட்டையைத் தடுத்தன, தடுத்தது நியாயமே. ஆனால் அந்தப் பரீட்சை நின்றபின் அதற்கு ஈடாக வேறொன்றை நாம் ஏற்படுத்தவில்லை. ராஜபாளையத்தில் லட்சணம் என்பது பால்வெண்மையும் இளஞ்சிவப்பு மூக்குமாகச் சுருங்கிற்று. நிறம் கலந்த குட்டிகள் ஒதுக்கப்பட்டன. எஞ்சிய சில வெள்ளை வம்சங்களுக்குள்ளேயே தகப்பனுக்கு மகளும் அண்ணனுக்குத் தங்கையும் ஜோடியாக்கப்படுவது சகஜமாயிற்று.

இதன் பலனை அளக்க ஒரு கணக்கு உண்டு. அமெரிக்க விஞ்ஞானி சூவல் ரைட் 1922-இல் வகுத்தது அது. தகப்பனையும் மகளையும், அல்லது கூடப் பிறந்தவற்றையே, சேர்த்துப் பிறக்கும் குட்டியின் மரபணுக்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு, தாய் வழியாகவும் தந்தை வழியாகவும் வந்த ஒரே முன்னோரின் பிரதிகளாகவே இணைந்து நிற்கும். பெற்றோர் உடன்பிறந்தாரின் மக்களாயிருந்தால் அது பதினாறில் ஒன்று. ஒற்றையாய் வந்தபோது மறைந்து கிடந்த குறை, இரட்டையாய்ச் சேர்ந்தவுடன் அங்கத்தில் வெளிப்பட்டுவிடுகிறது.

ஆகவே, அதே ஜாதிக்குள் உறவற்ற வேறு வம்சத்தைத் தேடிச் சேர்ப்பதே முதல் சிகிச்சை. இங்கேதான் வளர்ப்போரிற் பலர் தடுமாறுகிறார்கள். பெட்டையின் பின்னங்கால் மடிப்பின்றி நிமிர்ந்திருந்தால், மடிப்பு மிதமிஞ்சிய ஆண் நாயைத் தேடிப் பிடித்துச் சேர்த்துவிட்டால் குட்டிகள் நடுத்தரமாகப் பிறக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. எலும்புக் கட்டு ஒரே மரபணுவால் தீர்மானமாவதன்று. பற்பல மரபணுக்கள் கூடி அமைப்பது. முதல் ஈற்றில் நடுத்தரம் தோன்றினாலும், அடுத்த தலைமுறையில் இரு கோடிக் குறைகளும் தலைகாட்டும். முன்புறம் பாட்டனையும் பின்புறம் பாட்டியையும் கொண்டு எதற்கும் உதவாத குட்டிகளும் பிறக்கும். தேட வேண்டியது அந்த அங்கத்தில் செம்மையாய் அமைந்த ஆண். அதன் பெற்றோரும் உடன்பிறப்புகளும்கூட அவ்விதமே அமைந்திருத்தல் உத்தமம்.

நம் படுகை உழவர்களுக்கு இது புதிய சங்கதியன்று. ஜப்பானிய நெல்லையும் நம் நாட்டு நெல்லையும் கலந்து பிறந்த ஆடுதுறை 27, கலந்த மறுபோகமே உழவர் கைக்கு வந்துவிடவில்லை. தலைமுறைக்குத் தலைமுறை வேண்டாததைக் கழித்து, வேண்டியதைப் பொறுக்கி நிலைப்படுத்திய பின்னரே 1960-களில் வயலுக்கு வந்தது. நாய் வளர்ப்போரோ, கொழுகொழுவென்ற முதல் ஈற்றைக் கண்டு மகிழ்ந்து, அத்தனை குட்டிகளையும் விற்றுவிட்டுக் காரியம் முடிந்ததென்று இருந்துவிடுகிறார்கள்.

வம்சம் மாற்றுவதால் தீராத குறையும் உண்டு. வெள்ளை நாய்களில் காணும் பிறவிச் செவிடு, உட்செவியில் நிறமி அணுக்கள் இல்லாமையால் நேர்வது. வெள்ளையோடு வெள்ளையைச் சேர்க்கும்வரை, வம்சம் எத்தனை தூரத்ததானாலும் அந்த அபாயம் நீங்காது. ஒதுக்கப்பட்ட நிறக் குட்டிகளை மறுபடி வம்சத்தில் ஏற்பதே அதற்கு வழி என்று நான் கருதுகிறேன்.

அந்நிய ஜாதி இரத்தத்தையும் மேனாட்டார் துணிந்து சேர்த்ததுண்டு. அழிவை நெருங்கியிருந்த ஐரிஷ் ஓநாய் வேட்டை நாயைக் கேப்டன் கிரஹாம் என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்காத்லாந்து மான் வேட்டை நாய், கிரேட் டேன் ஆகியவற்றின் கலப்பால் மீட்டார். டால்மேஷன் நாய்களை வருத்திய யூரிக் அமிலக் கோளாற்றைத் தீர்க்க 1973-இல் ராபர்ட் ஷைபிள் ஒரே ஒரு பாயிண்டர் நாயைச் சேர்த்து, பின் ஒவ்வொரு தலைமுறையிலும் டால்மேஷனுக்கே திருப்பினார். ஐந்தாம் தலைமுறையில் அந்நிய இரத்தம் முப்பத்திரண்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அவர்களிடம் ஏடு இருந்தது, பொறுமையும் இருந்தது. உயரம் கூட்டி விலை ஏற்றும் ஆசையில் நாட்டு நாயோடு அந்நிய ஜாதியைக் கலந்து, குட்டியைச் சுத்த ராஜபாளையம் என்று விற்பது அபிவிருத்தியாகாது, அது மோசடி.

நம்மிடம் சாதனங்கள் இல்லாமலில்லை. சைதாப்பேட்டையில் அரசின் நாய் இனப்பெருக்கப் பிரிவு 1980-81-இல் தொடங்கிப் பல ஆண்டுகள் இயங்கி வந்தது. கர்னாலிலுள்ள தேசிய விலங்கு மரபு வளப் பணியகம் ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் தனி இனங்களாகப் பதிவு செய்திருக்கிறது. குறைவது வீட்டுக்கு வீடு எழுதிவைக்கும் வம்சாவளிதான். குட்டி வாங்கப் போகும் அன்பர்கள் தாயையும் தகப்பனையும் நடக்கவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். இரு பக்கத்துப் பாட்டன் பாட்டியரின் பெயரையும் கேளுங்கள். குட்டியின் முதுகுப்புறம் நின்று கை தட்டிப் பாருங்கள். நான்கு பெயரில் இரண்டு ஒன்றாயிருந்தாலும், பெயரே சொல்லத் தெரியாவிட்டாலும், பணத்தைக் கொடாமல் திரும்பி வாருங்கள்.