ட்ரையர் விற்கும் கடைக்காரர்களே, எர்த் வயரை வெட்டாதீர்கள்!

மழை விடாமல் பெய்யும் நாட்களில், மின்சாரப் பொருட்கள் விற்கும் கடைகளுக்கு உடுப்புக் காயவைக்கும் ட்ரையர் கேட்டு வருவோர் அதிகம். கொடி கட்ட இடமில்லாத மாடி வீட்டுக்காரர்கள், கெஸ்ட் ஹவுஸ் நடத்துவோர், சிறிய லோன்றிக்காரர்கள் எனப் பலரும் வருவார்கள். புதியது விலை கூட என்பதால் வெளிநாட்டிலிருந்து வரும் பாவித்த இயந்திரங்களுக்கும் நல்ல கேள்வி உண்டு.

இயந்திரம் வீட்டில் இறங்கியதும்தான் பிரச்சினை தொடங்குகிறது. அதன் ப்ளக் சுவரிலுள்ள சொக்கட்டுக்குப் பொருந்தாது. லொறியில் போன பையன் ப்ளக்கை வெட்டி எறிந்துவிட்டு, கைக்குக் கிடைத்த இரண்டு பின் ப்ளக்கைப் பூட்டிவிடுகிறான். மூன்றாவது வயருக்கு அதில் இடமில்லை. அதை மடித்து டேப் சுற்றிவிடுகிறான். சுவிட்சைப் போட்டால் இயந்திரம் ஓடுகிறது. வாடிக்கையாளருக்கும் திருப்தி, கடைக்காரருக்கும் திருப்தி. ஆனால் ஓடுவது வேறு, பாதுகாப்பாக ஓடுவது வேறு.

எர்த் வயருக்கு என்ன வேலை?

லைவ், நியூட்ரல் ஆகிய இரு வயர்களிலும்தான் மின்சாரம் போய் வருகிறது. எர்த் வயருக்குச் சாதாரண நாட்களில் எந்த வேலையும் இல்லை. அதனால்தான் அது இல்லாத குறை யாருக்கும் தெரிவதில்லை. உள்ளேயுள்ள வயர் ஒன்று சூட்டில் உருகியோ அதிர்வில் தேய்ந்தோ இரும்புக் கூட்டில் பட்டால்தான் அதன் வேலை ஆரம்பமாகிறது. எர்த் சரியாக இருந்தால் மின்சாரம் அதன் வழியே நிலத்துக்குப் பாயும், ட்ரிப் சுவிட்ச் உடனே விழும். எர்த் இல்லாவிட்டால் கூடு முழுவதும் 230 வோல்ட் ஏறி நிற்கும். ஈரக் கையோடும் வெறுங்காலோடும் உடுப்பு எடுக்க வருபவரின் உடம்பே எர்த் வயராகிவிடும்.

“வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே” என்று சிலர் சொல்வார்கள். 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச், மின்சாரம் வெளியே கசிந்தால்தான் விழும். எர்த் இருந்தால் கோளாறு ஏற்பட்ட கணமே விழும். எர்த் இல்லாவிட்டால் ஒருவர் தொட்ட பிறகுதான் விழும். ட்ரிப் சுவிட்ச் பழுதாக இருந்தால் அதுவும் இல்லை.

எந்த ப்ளக், எந்த வயர்?

2500 வொட்ஸ் ட்ரையர் ஒன்று ஏறத்தாழ 11 அம்பியர் எடுக்கும். 5 அம்பியர் வட்டப் பின் சொக்கட் தாங்குவது 1150 வொட்ஸ் மட்டுமே. 13 அம்பியர் சதுரப் பின் சொக்கட் 2990 வொட்ஸ் வரை தாங்கும். 2016இல் இந்த 13 அம்பியர் ப்ளக்கே நாட்டின் பொது நியமமாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் பழைய வீடுகளில் வட்டப் பின் சொக்கட்டுகள் இன்னும் இருக்கின்றன. அத்தகைய வீட்டில் சொக்கட்டை மாற்ற வேண்டுமே தவிர, ப்ளக்கைச் சிறிதாக்கக் கூடாது. சதுரச் சொக்கட்டின் எர்த் துவாரத்தில் பேனையைக் குத்தி இரண்டு பின் ப்ளக்கைச் செருகும் பழக்கமும் எர்த்தை இல்லாமல் செய்வதே.

வயர், செம்பினாலான மூன்று இழை வயராக, 1.5 சதுர மில்லிமீற்றர் அளவில் இருப்பது நல்லது. மேசை விளக்குக்குப் பாவிக்கும் மெல்லிய வயர் சூடேறி உருகும்.

பூட்டும் முறை

1. இயந்திரத்தின் ப்ளக் சுவரில் செருகப்படாமல் இருக்க வேண்டும். சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது.

2. மண்ணிறம் லைவ், நீலம் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த். ப்ளக்கைத் திறந்து எர்த் பின் மேலே இருக்கும்படி பிடித்தால் வலப்பக்கம், பியூஸ் உள்ள பக்கம், லைவ். இடப்பக்கம் நியூட்ரல்.

3. எர்த் வயரைச் சற்று நீளமாக விடுங்கள். யாராவது வயரை இழுத்தாலும் அது கடைசியாகத்தான் கழல வேண்டும்.

4. செம்பு இழைகளை முறுக்கி ஸ்குரூவை இறுக்குங்கள். ஓர் இழைகூட வெளியே நிற்கக் கூடாது. நுனிக்கு ஈயம் பற்றவைக்க வேண்டாம். நாளடைவில் பிடி தளர்ந்துவிடும்.

5. வயரின் வெளித்தோல் ப்ளக்கின் பிடிக்குள் இறுக வேண்டும். உள் இழைகளைப் பிடியில் இறுக்கக் கூடாது.

6. 13 அம்பியர் பியூஸையே போடுங்கள். பியூஸுக்குப் பதிலாகக் கம்பித்துண்டு வேண்டவே வேண்டாம்.

7. மல்டிமீட்டரின் ஒரு முனையை ப்ளக்கின் எர்த் பின்னிலும் மறுமுனையை இயந்திரத்தின் பூச்சில்லாத இரும்பிலும் வையுங்கள். 1 ஓமுக்குக் குறைவாகக் காட்ட வேண்டும்.

வெட்டிய பழைய ப்ளக்கை உடனே அழித்துவிடுங்கள். சிறு பிள்ளை அதைச் சொக்கட்டில் செருகினால் வெட்டிய வயர் முனையில் மின்சாரம் இருக்கும்.

வெளிநாட்டு இயந்திரங்கள்

ஐரோப்பிய ப்ளக்கில் எர்த் பக்கவாட்டில் இருக்கிறது. அதை இங்குள்ள சொக்கட்டில் நேரே செருகினால் எர்த் கிடைக்காது. சவூதியிலிருந்து வருபவை 60 ஹேர்ட்ஸுக்கு உரியவை. நமது 50 ஹேர்ட்ஸில் மோட்டாரும் விசிறியும் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து, சூடு கூடும். இயந்திரத்தின் பின்தகட்டில் 50 ஹேர்ட்ஸ் என்று இருக்கிறதா எனப் பார்த்தே வாங்குங்கள்.

அமெரிக்க ட்ரையர்களில் சூட்டுச் சுருள் 240 வோல்ட்டிலும் மோட்டார் 120 வோல்ட்டிலும் ஓடுகின்றன. ப்ளக்கை மாற்றுவதால் அவை இங்கு சரிவராது. அங்கு கறுப்பு லைவ். நமது பழைய வீட்டு வயரிங்கில் கறுப்பு நியூட்ரல். நிறத்தை நம்பிப் பூட்டினால் ஆபத்து. பழைய அமெரிக்க இயந்திரங்கள் சிலவற்றில் வெளிக்கூட்டை நியூட்ரலோடே இணைத்திருப்பார்கள். இங்கு வயர்கள் மாறினால் கூட்டிலேயே மின்சாரம் ஏறிவிடும்.

கடைக்காரர் செய்ய வேண்டியது

ப்ளக் பூட்டும் வேலையைப் பையனின் பொறுப்பில் விடாதீர்கள். கடையிலேயே பூட்டி, வாடிக்கையாளர் முன்னிலையில் மீட்டரால் சோதித்து, “எர்த் பரீட்சிக்கப்பட்டது” என்று பற்றுச்சீட்டில் எழுதிக் கொடுங்கள். வீட்டுச் சொக்கட்டில் எர்த் உண்டா என்று ஒரு மின்னியலாளரைக் கொண்டு பார்க்கச் சொல்லுங்கள். எர்த் இல்லாத வீட்டுக்கு அது சரிசெய்யப்படும் வரை இயந்திரத்தைக் கொடுக்காமல் இருப்பதே மேல். அன்று ஒரு விற்பனை தள்ளிப்போகலாம். ஆனால் நீங்கள் விற்ற பொருளைத் தொட்டு ஒருவர் இறந்தால், அந்த வீட்டாருக்கு என்ன பதில் சொல்வீர்கள்?