துகள்வீச்சும் இலத்திரனியல் உறுப்புக்களின் துப்புரவும்

பொருளொன்றின்மேற் படிந்த அழுக்கினை நீக்குதற்கு மக்கள் பண்டுதொட்டுக் கையாண்டு வரும் முறைகள் மூன்றாகும். நீரினாற் கழுவுதல் ஒன்று. புளி முதலியவற்றின் அமிலத்தால் அரித்து நீக்குதல் மற்றொன்று. சாம்பல், மணல் முதலியவற்றால் தேய்த்தல் பிறிதொன்று. செப்புக் குடத்தைப் புளியும் சாம்பலும் இட்டு விளக்கிக் கழுவும் இல்லத்தரசி இம் மூன்றினையும் ஒருங்கே பயன்படுத்துகின்றாள். இவற்றுள் தேய்த்தற் றொழிலைக் கையினாலன்றி அமுக்கிய வளியின் விசையினாற் செய்வதே துகள்வீச்சு ஆகும். துருப்பிடித்த இரும்பையும் பழைய வண்ணப் பூச்சையும் சில நிமிடங்களிற் புதுக்கித் தருவதால் இக்கருவி தொழிற்சாலைகளிற் பெரிதும் விரும்பப்படுகின்றது. இத்தகைய கருவியைக் கையில் வைத்திருப்போன், பாசி படர்ந்தாற்போலப் பச்சை பூத்துக் கிடக்கும் வானொலிச் சுற்றுப்பலகையையும் அதனாற் துலக்கிவிடலாம் என எண்ணுதல் இயல்பே. அவ்வெண்ணம் எத்துணைப் பொருத்தமுடைத்து என்பதை அறிய, முதற்கண் இக்கருவியின் இயல்பை அறிதல் வேண்டும்.

அமெரிக்காவிலே பிலடெல்பியா நகரத்தவரான பெஞ்சமின் சூ தில்மன் என்பார் 1870 ஆம் ஆண்டில் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். அவர் காப்புரிமை வேண்டியது முதன்மையாகத் துப்புரவுத் தொழிலுக்கன்று. கல், உலோகம், கண்ணாடி ஆகியவற்றை வெட்டுதற்கும் அவற்றிற் செதுக்குதற்குமேயாம். 1940 களில் றொபேட் பிளக் என்னும் அமெரிக்கப் பல் வைத்தியர், அலுமினியம் ஒட்சைட்டின் நுண்டுகள்களை மெல்லிய குழல்முனை வழியாகச் செலுத்திச் சொத்தைப் பல்லைக் குடையும் முறையை வகுத்தார். அதன் வழிவந்த நுண்கருவிகள் பின்னர் இலத்திரனியற் தொழிலிலும் புகுந்தன. ஆகவே, துகள்வீச்சு தோன்றிய நாள்தொட்டு வெட்டுங் கருவியாகவே விளங்கிற்று. துப்புரவு என்பது மேற்பரப்பில் மாத்திரம் நிகழ்த்தப்படும் ஒரு வெட்டேயாகும். இவ்வுண்மையை மறவாதிருத்தல் வேண்டும்.

இதற்குச் சிறந்த சான்று கணிப்பொறி வரலாற்றிலேயே உளது. ஐ. பி. எம். நிறுவனம் 1964 ஆம் ஆண்டிலே சிஸ்டம் 360 என்னும் கணிப்பொறி வரிசையை வெளியிட்டது. அதன் சுற்றுக்கள் ஏறத்தாழ அரை அங்குலச் சதுரமான பீங்கான் தகடுகளில் அமைந்தவை. அத்தகடுகளின்மேல் தடையிகள் மைபோல அச்சிடப்பட்டுச் சூளையிற் சுடப்பட்டன. அச்சிட்ட தடையி எதுவும் குறித்த பெறுமானத்தில் நேரே அமைந்துவிடாது. ஆதலால் வேண்டியதினும் சற்றுக் குறைந்த தடையுடையதாக அதனை அச்சிட்டு, நுண்டுகள்களை வீசி அதன் ஒரு பகுதியைத் தேய்த்து, தடையை அளந்தபடியே உரிய பெறுமானத்திற்குக் கொண்டுவந்தனர்.

இதன் தத்துவம் எளிது. கடத்தியொன்றின் தடை அதன் நீளத்திற்கு நேர்விகிதத்திலும், குறுக்குவெட்டுப் பரப்பிற்கு நேர்மாறு விகிதத்திலும் இருக்கும். 100 ஓம் தடையுடைய படலத்தின் தடிப்பிற் பத்திலொரு பங்கு எங்கணும் தேய்ந்துபோயின், அதன் தடை ஏறத்தாழ 111 ஓம் ஆகும். கண்ணுக்கு அது முன்னையினும் தூயதாகத் தோன்றும். ஆயின் அது முன்னைய தடையியன்று. தொழிற்சாலையில் அளந்து செய்யப்பட்ட அதே செயல் பழுதுபார்ப்போன் கையில் அளவின்றி நிகழுமாயின், துப்புரவு சேதமாய் முடியும்.

சுற்றுப்பலகையில் எஞ்சியிருக்க வேண்டிய பொருள்கள் எத்துணை மெல்லியவை என்பதையும் நோக்குதல் தகும். பலகையிலுள்ள செப்புப் படலத்தின் தடிப்பு பொதுவாக 35 மைக்கிரோன்; அஃதாவது ஒரு மில்லிமீற்றரில் முப்பதில் ஒரு பங்கு அளவினது. தொடுகைகளிற் பூசப்படும் பொன் பெரும்பாலும் ஒரு மைக்கிரோனுக்கும் குறைந்தது. மோவின் கடினத்தன்மை அளவில் அலுமினியம் ஒட்சைட்டு 9, மணலிலுள்ள குவாட்சு 7, கண்ணாடி ஏறத்தாழ 5.5, செம்பு 3, பொன் 2.5 என அமையும். பற்றாசிலுள்ள வெள்ளீயமோ 1.5 அளவினதே. கடினமானது மென்மையானதைக் கீறும் என்பது விதி. ஆகவே அலுமினியம் ஒட்சைட்டுத் துகள், பச்சைக் களிம்பை நீக்கிய கணத்திலேயே அதன் கீழுள்ள பொன்னையும் செம்பையும் தின்னத் தொடங்கும். வால்நட் ஓட்டுப் பொடி, பிளாத்திக்குத் துகள், அப்பச்சோடா எனப்படும் சோடியம் இருகாபனேற்று முதலிய மென்பொடிகள் கையாளப்படுவது இது பற்றியே. 1980 களில் நியூயோர்க்குச் சுதந்திரச் சிலை புதுப்பிக்கப்பட்டபோது, அதன் செப்புத் தகட்டின் உட்புறத்திற் படிந்திருந்த கரித்தாரை நீக்குதற்கு அப்பச்சோடாவே வீசப்பட்டது. ஆயினும் அப்பச்சோடா சுற்றுப்பலகையில் எஞ்சிநின்றால், ஈரம் பட்டவிடத்து மின்னைக் கடத்தும் உப்புக்கரைசலாகிவிடும். ஆதலால் அதனைக் காய்ச்சிவடித்த நீரினாற் கழுவி நன்கு உலர்த்துதல் இன்றியமையாதது.

தேய்வினும் கொடியது கண்ணுக்குப் புலனாகாத மற்றோர் இடர். காவலிப் பொருள்கள் ஒன்றோடொன்று உராயும்போது நிலைமின் ஏற்றம் பிறக்கும் என்பது பள்ளி மாணவரும் அறிந்ததே. உலர்ந்த வளியில் விரையும் பல்லாயிரம் துகள்கள் குழலோடும் பலகையோடும் மோதுமிடத்து இவ்வேற்றம் மிகப் பெரிதாகத் திரளும். மனிதன் விரல்நுனியில் ஒரு மின்பொறியை உணர்வதற்கு ஏறத்தாழ 3000 உவோற்று வேண்டும். நுண்ணிய திரான்சிற்றர்களுட் சில 100 உவோற்றுக்கும் குறைந்த மின்னிறக்கத்தாலேயே பழுதடையும். மேலும், இவ்வாறு தாக்குண்ட உறுப்பு எப்பொழுதும் உடனே செயலிழப்பதில்லை. ஊறுபட்டும் படாததுபோற் சிலகாலம் இயங்கிப் பின்னர் ஓய்ந்துவிடுதலும் உண்டு. அப்பொழுது அதன் காரணத்தை எவரும் துப்புரவின்மேற் சாற்றார். இதனாலேயே, சுற்றுப்பலகையின் காப்புப் பூச்சை ஓரிடத்தில் மாத்திரம் நீக்குதற்கென அமைந்த நுண்வீச்சுக் கருவிகளில், குழல்முனைக்கும் பலகைக்கும் தொழிலாளியின் மணிக்கட்டுக்கும் புவித்தொடுப்பு அமைக்கின்றனர். அயனாக்கிய வளியைச் செலுத்தி ஏற்றத்தை நடுநிலைப்படுத்தவுஞ் செய்கின்றனர். சாதாரண வீச்சுப் பெட்டியில் இவ்வேற்பாடுகள் காணப்படா.

உலர்பனி எனப்படும் திண்மக் காபனீரொட்சைட்டை வீசும் முறையும் உண்டு. அது பாகை சதமவளவில் மறை 78.5 வெப்பநிலையில் திண்மத்திலிருந்து நேரே வாயுவாகி, ஏறத்தாழ 800 மடங்கு பருமனாக விரியும், துகள் எஞ்சாது. எனினும், குளிர்ந்த பலகையில் வளியிலுள்ள நீராவி ஒடுங்கிப் படிதலும், நிலைமின் பிறத்தலும், அடைத்த அறையில் மூச்சுத் திணறலும் இம்முறைக்கு உரிய குறைபாடுகளாம்.

பொருளுக்கு நேரும் கேட்டினும் தொழிலாளிக்கு நேரும் கேடு பெரிது. குவாட்சு மணலை வீசும்போது எழும் நுண்டூளி நுரையீரலிற் தங்கி, மாற்றுதற்கரிய சிலிக்கா நோயை விளைவிக்கும். ஆதலால், வார்ப்புக்களைத் துப்புரவு செய்வதில் மணலைக் கையாளுதல் பிரித்தானியாவில் 1949 ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளாற் தடைசெய்யப்பட்டது. பளிங்குருச் சிலிக்காத் தூளி புற்றுநோயை விளைப்பது என்பதைச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1997 ஆம் ஆண்டில் உறுதிப்படுத்தியது. இலத்திரனியல் உறுப்புக்களிலோ வேறு நஞ்சுகளும் உள. பழைய பற்றாசில் ஈயம் உண்டு. வானொலி மீடிறன் வலுத் திரான்சிற்றர்கள் சிலவற்றின் பீங்கானில் பெரிலியம் ஒட்சைட்டு உண்டு. முழுமையாய் இருக்கும்போது தீங்கு செய்யாத இவை, தூளாகி மூச்சிற் புகுந்தாற் பெருந்தீங்கு செய்யும்.

இக்கருவி வஞ்சகத்திற்கும் துணைபோதல் உண்டு. கழிக்கப்பட்ட பலகைகளினின்று பெயர்த்தெடுத்த ஒருங்கிணைந்த சுற்றுக்களின் மேலுள்ள எழுத்துக்களைத் தேய்த்தோ துகள் வீசியோ அழித்து, புதுப் பூச்சிட்டு, வேறு குறியைப் பொறித்துப் புதியன என விற்போர் உளர். போலி உறுப்புக்கள் குறித்து அமெரிக்க மூதவையின் படைச்சேவைக் குழு 2012 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, இராணுவ வழங்கல்களில் ஐயத்திற்கிடமான 1800 நிகழ்ச்சிகளையும், அவற்றுட் பத்து இலட்சத்திற்கு மேற்பட்ட உறுப்புக்களையும் சுட்டிற்று. புறத்தூய்மை அகத்தூய்மைக்குச் சான்றாகாது என்பது பொருள்களுக்கும் பொருந்துவதாயிற்று.

ஆயின் துகள்வீச்சு இத்துறையில் அறவே விலக்கத்தக்கதோவெனின், அன்று. கருவியின் இரும்புச் சட்டம், வெப்பத்தைப் பரப்பும் அலுமினியத் தகடு, மின்கலக் கசிவால் அரிக்கப்பட்ட தடித்த உலோகத் தொடுகை ஆகியவற்றைப் பலகையினின்று தனியே கழற்றியெடுத்து, தூளியுறிஞ்சியுடன் கூடிய மூடிய பெட்டியில், எண்ணெயும் ஈரமும் நீங்கிய வளியாற் துப்புரவு செய்தல் தகும். சுற்றுப்பலகைக்கோ மென்முறையிலிருந்து வன்முறைக்குப் படிப்படியாகச் செல்வதே நெறி. மின்னைத் துண்டித்து, கொள்ளளவிகளின் ஏற்றத்தை இறக்கிய பின்னர், மென்மையான தூரிகையால் தூசியை அகற்றுக. அடுத்து ஐசோபுரொப்பைல் அற்ககோலாற் துடைக்க. காரக் கசிவு இருப்பின் சிறிது வினாகிரியால் அதனை நடுநிலைப்படுத்திக் காய்ச்சிவடித்த நீராற் கழுவுக. இவ்வளவிலும் நீங்காத களிம்பு இருப்பின், கழிக்கப்பட்ட பலகையொன்றில் முன்னரே சோதித்துப் பார்த்த மென்பொடியை, புவித்தொடுப்புடைய நுண்கருவியால், குறித்த இடத்தில் மாத்திரம் வீசலாம். ஆளி, ஒலிவாங்கி முதலிய திறந்த இயங்குறுப்புக்களின் அருகே எப்பொடியும் செல்லலாகாது. உட்புகுந்த துகள் மீண்டும் வெளிவருதல் அரிது.

பளபளப்பே துப்புரவின் நோக்கமெனக் கொள்வோன் கருவியின் விசையை மேன்மேலும் கூட்டுவான். உறுப்பு தன் தொழிலைச் செவ்வனே செய்தலே நோக்கமெனக் கொள்வோன், எவ்வளவு நீங்கினாற் போதும் என்பதை முன்னரே வரையறுத்து, அவ்வெல்லையிற் கையை நிறுத்துவான். துகள்வீச்சுக் கருவி அவ்வெல்லையைத் தானே அறியாது. அதனைக் கையாள்வோனே அறிதல் வேண்டும்.