அரசாங்கப் பணம் வருகிறதென்று முதலாளியின் கடன் தீருமா?

சென்ற மாதம் காத்தான்குடியில் அரிசி ஆலை நடத்தும் நண்பர் ஒருவர் கடைக்கு வந்தார். புதிய இயந்திரம் பூட்டியிருக்கிறார். முன்பு பத்துப் பேர் செய்த வேலைக்கு இப்போது நால்வர் போதும். நிறுத்த வேண்டியவர்களில் ஒருவர் பன்னிரண்டு வருடம் வேலை செய்தவர். யுத்த காலத்தில் ஊர்காவற் படையில் இருந்து ஒரு காலை இழந்தவர். அந்தக் காயத்துக்காக மாதாமாதம் அரசாங்கக் கொடுப்பனவு பெறுகிறார்.

"அவருக்குத்தான் அரசாங்கப் பணம் வருகுதே காக்கா, நானும் குடுக்க வேணுமா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வி நம்மில் பலருக்கு உண்டு. நானும் ஒரு காலத்தில் இப்படி நினைத்தவன்தான். ஆனால் அது தவறு.

இரண்டு பணம், இரண்டு காரணம்

காயத்துக்கான கொடுப்பனவு, இழந்த காலுக்காக அரசாங்கம் கொடுப்பது. வேலை போகும்போது கொடுப்பது, உங்கள் ஆலையில் உழைத்த வருடங்களுக்காக நீங்கள் கொடுப்பது. ஒன்றை வைத்து மற்றதைக் கழிக்க முடியாது.

அமெரிக்காவிலும் இதே கேள்வி உண்டு. அங்கே போரில் காயப்பட்ட முன்னாள் படைவீரர் தொழிலை இழந்தால், அங்கவீனக் கொடுப்பனவையும் வேலையற்றோர் காப்புறுதிப் பணத்தையும் சேர்த்தே பெறலாம். அங்கவீனக் கொடுப்பனவு சம்பளமாகக் கணிக்கப்படுவதில்லை. ஆனால் அவர் வேலை செய்யக் கூடியவராகவும் வேலை தேடுபவராகவும் இருக்க வேண்டும்.

நம் நாட்டில் வேலையற்றோர் காப்புறுதி இல்லை. எனவே வேலை போனவனுக்குக் கைகொடுப்பது நான்கு விடயங்கள்: பணிக்கொடை, நட்டஈடு, ஊழியர் சேமலாப நிதி, ஊழியர் நம்பிக்கை நிதி. இவற்றின் பாரம் பெரும்பாலும் முதலாளியின் தலையில்தான்.

பணிக்கொடை

1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் பூர்த்தி செய்தவருக்கு, மாதச் சம்பளக்காரராயின் வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். நண்பரின் ஆலையில் 18 பேர். அந்த மனிதரின் கடைசிச் சம்பளம் 40,000 ரூபா. 12 வருடத்துக்கு 2,40,000 ரூபா. இதை 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். பிந்தினால் மிகைக்கட்டணம் சேரும். மோசடி, கையாடல், வேண்டுமென்று சொத்துக்குச் சேதம் விளைவித்தல் போன்ற குற்றத்துக்காக நிறுத்தப்பட்டவருக்கு மட்டுமே, அந்த நட்டத்தின் அளவுக்கு இதில் பிடிக்கலாம்.

நட்டஈடு

ஆட்குறைப்புக்கு 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. இதுவும் 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடங்களுக்கே. தொழிலாளியின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும், அல்லது தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதி வேண்டும். இரண்டும் இல்லாமல் நிறுத்தினால் அந்த நிறுத்தம் சட்டப்படி செல்லாது.

ஆணையாளர் தீர்மானிக்கும் நட்டஈட்டுக்கு 2005இல் ஒரு கணக்கு வர்த்தமானியில் வந்தது. முதல் 5 வருடத்துக்கு வருடத்துக்கு இரண்டரை மாதச் சம்பளம். 6 முதல் 14 வருடம் வரை வருடத்துக்கு 2 மாதம். அதன்பின் படிப்படியாகக் குறையும். நண்பரின் ஆளுக்கு பன்னிரண்டரை மாதமும் 14 மாதமும் சேர்த்து இருபத்தாறரை மாதம். 10,60,000 ரூபா! நண்பர் கணக்கைப் பார்த்துச் சிறிது நேரம் பேசவில்லை.

சம்மதத்தோடு முடித்துக் கொள்வதாயின் தொகையை இருவரும் பேசித் தீர்க்கலாம். ஆனால் வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்குவது சம்மதமாகாது.

சேமலாப நிதியும் நம்பிக்கை நிதியும்

சிறு கடைக்காரர்கள் இங்கே கவனிக்க வேண்டும். ஒரே ஒருவர் வேலை செய்தாலும் இவை கட்டாயம். சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதம், தொழிலாளி 8 வீதம். நம்பிக்கை நிதிக்கு முதலாளி மட்டும் 3 வீதம். 40,000 சம்பளத்துக்கு மாதம் 9,200 ரூபா. தொழிலாளியிடம் பிடித்த 8 வீதம் அவருடைய அமானிதம். ஓராண்டுக்கு மேல் கட்டாமல் விட்டால் சேமலாப நிதி மிகைக்கட்டணம் 50 வீதம். என் கடையில் ஒருவருக்காக நான் அப்படிக் கட்டியிருக்கிறேன். அந்தப் படிப்பினை எனக்குப் போதும்.

வேலை போனதும் நம்பிக்கை நிதியை எடுக்கலாம். ஒருமுறை எடுத்தால் அடுத்ததற்கு 5 வருட இடைவெளி வேண்டும். சேமலாப நிதியோ பொதுவாக ஆணுக்கு 55 வயதிலும் பெண்ணுக்கு 50 வயதிலும்தான் கைக்கு வரும்.

ஓர் எச்சரிக்கை

நிரந்தரமாக வேலை செய்ய முடியாதவர் என்று வைத்தியச் சான்று பெற்றால் வயதுக்கு முன்பே சேமலாப நிதியை எடுக்கலாம். ஒரு காலோடு 12 வருடம் மூட்டை எண்ணிக் கணக்கெழுதிய மனிதர், நாளை வேறு வேலை தேடப் போகிறவர், "இனி என்னால் முடியாது" என்று எழுதிக் கொடுக்கலாமா? கொடுத்தால் வேலை தேடும் வழியைத் தானே அடைத்துக் கொள்வார். முதலாளியும் அப்படி ஆலோசனை சொல்லக் கூடாது.

அஸ்வெசும போன்ற உதவிகள் வேறு வகை. அங்கே குடும்பத்தின் நிலை பார்க்கப்படும். அதை அவர் பிரதேச செயலகத்தில் விசாரித்துக் கொள்ளட்டும்.

15 பேருக்குக் குறைவாயின்?

பணிக்கொடைச் சட்டம் பிடிக்காது என்று தப்ப முடியாது. அவர் தொழில் நியாய சபைக்குப் போய்ப் பணிக்கொடை கேட்கலாம். அநியாயமாக நிறுத்தினீர்கள் என்றும் வழக்கிடலாம்.

ஆகவே வியாபாரிகளே, ஆளை நிறுத்துமுன் சேவைக் காலம், கடைசிச் சம்பளம், ஆட்தொகை ஆகிய மூன்றையும் எழுதி எடுத்துக்கொண்டு தொழில் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். இயந்திரம் வாங்கும்போதே இந்தச் செலவையும் அதன் விலையில் சேர்த்துப் பாருங்கள்.

நண்பர் கடைசியில் அந்த மனிதரை நிறுத்தவில்லை. புதிய இயந்திரத்தின் கணக்குப் புத்தகத்துக்கு அவரையே போட்டிருக்கிறார். இரக்கத்தால் அல்ல, கணக்குப் பார்த்துத்தான் என்கிறார்.