மானியம் கையில் வராது... கடனில்தான் கழியும்! தொழில் தொடங்க கிளம்பும் முன் இதை படிங்க

பொம்மையார்பாளையம்:

விழுப்புரம் மாவட்டம் வானூர் தாலுகாவில், கிழக்கு கடற்கரை சாலையை ஒட்டி இருக்கும் மீனவ கிராமம் பொம்மையார்பாளையம். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் ஆரோவில், கூப்பிடு தூரத்தில் புதுச்சேரி.

கடலை மட்டும் நம்பி குடும்பம் நடத்துவது இந்த கரையோரத்தில் வர வர கஷ்டமாகி விட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடி தடைக்காலம். அது முடிந்தால் கடல் சீற்றம், புயல் எச்சரிக்கை. போதாக்குறைக்கு கடல் அரிப்பு வேறு.

அதனால், தையல் யூனிட் போடலாம், மசாலா அரைக்கலாம், ரோட்டோரம் கடை வைக்கலாம் என்று பெண்களும், படித்து விட்டு சும்மா இருக்கும் இளைஞர்களும் யோசிக்கிறார்கள். 'அரசாங்கம் மானியம் தருதாமே... கையில எவ்வளவு வரும்?' என்பதுதான் பலர் கேட்கும் முதல் கேள்வி.

பதில்: கையில் ஒரு பைசா வராது. ஆனால் முறையாக போனால் லட்சக்கணக்கில் கடன் குறையும். இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பலர் புரோக்கரிடம் பணத்தை இழக்கிறார்கள், கந்துவட்டியிலும் சிக்குகிறார்கள்.

கணக்கு இதுதான்

மத்திய அரசின் பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தை (பி.எம்.இ.ஜி.பி.) எடுத்துக்கொள்வோம். இது 2008-ல் வந்தது. கிராமப்புறத்தில் பொதுப்பிரிவு ஆண்களுக்கு 25 சதவீத மானியம். பெண்கள், பிற்படுத்தப்பட்டோர், எஸ்.சி., எஸ்.டி., சிறுபான்மையினர், மாற்றுத்திறனாளிகள், முன்னாள் ராணுவத்தினருக்கு 35 சதவீதம்.

கிராமத்து பெண் ஒருவர் 5 லட்சம் ரூபாயில் ரெடிமேடு தையல் யூனிட் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

அவர் கையில் இருந்து போட வேண்டியது 5 சதவீதம், அதாவது 25 ஆயிரம் ரூபாய். மீதி 4 லட்சத்து 75 ஆயிரத்தை பேங்க் கடனாக கொடுக்கும். பெரும்பாலும் மெஷின் விற்கும் கடைக்கே நேராக பணம் போய்விடும்.

அரசின் மானியம் 1 லட்சத்து 75 ஆயிரம். இது அவர் பெயரில் அதே பேங்க்கில் 3 வருஷம் டெபாசிட்டாக கிடக்கும். அந்த டெபாசிட்டுக்கு வட்டி கிடையாது. அதே சமயம் கடனில் அந்த அளவு தொகைக்கு பேங்க்கும் வட்டி போடக்கூடாது.

3 வருஷம் முடிந்ததும் அதிகாரிகள் நேரில் வந்து பார்ப்பார்கள். யூனிட் ஓடிக்கொண்டிருந்தால் மானியம் கடனில் கழியும். ஆக அவர் கட்ட வேண்டிய அசல் 3 லட்சம்தான்.

கதவு பூட்டி கிடந்தால்? மானியம் திரும்பி போய்விடும். முழு கடனும் தலையில் விழும். 'கவர்மெண்ட் லோன்தானே, கட்டாட்டி என்ன' என்று நினைப்பவர்களுக்கு கடைசியில் விழும் அடி இதுதான்.

முதலில் மெஷின் வாங்கினால் போச்சு!

பலர் செய்யும் பெரிய தவறு ஒன்று இருக்கிறது. 'மானியம் வந்ததும் அடைச்சிடலாம்' என்று கந்துவட்டிக்கு வாங்கி மெஷினை இறக்கி விடுகிறார்கள். யூனிட்டை தொடங்கிய பிறகு விண்ணப்பம் போடுகிறார்கள்.

இந்த திட்டம் புதிதாக தொடங்கும் தொழிலுக்கு மட்டும்தான். ஏற்கனவே ஓடும் யூனிட்டுக்கு முதல் கடன் கிடைக்காது. கந்துவட்டி மட்டும் ஏறிக்கொண்டே போகும். எனவே கடன் மஞ்சூர் ஆகும் வரை எதையும் வாங்கக்கூடாது. கொட்டேஷன் மட்டும் வாங்கினால் போதும்.

கணவன், மனைவி இரண்டு பேரும் தனித்தனியாக மானியம் வாங்க முடியாது. ஒரு குடும்பத்துக்கு ஒன்றுதான்.

இந்த திட்டம் 2025-26 நிதியாண்டு வரை நீட்டிக்கப்பட்டு இருந்தது. எனவே விண்ணப்பிக்கும் முன் மாவட்ட தொழில் மையத்தில் தற்போதைய நிலவரத்தை கேட்டுக்கொள்வது நல்லது.

கடை வைக்க எது?

மளிகை கடை, செல்போன் கடை, துணிக்கடை போன்ற வியாபாரத்துக்கு மாநில அரசின் வேலைவாய்ப்பற்ற இளைஞர்களுக்கான திட்டம் (யு.ஒய்.இ.ஜி.பி.) பொருத்தமாக இருக்கும். 25 சதவீத மானியம். அதிகபட்சம் 3 லட்சத்து 75 ஆயிரம் ரூபாய்.

8-ம் வகுப்பு பாஸ் செய்திருக்க வேண்டும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வயது பொதுப்பிரிவுக்கு 45 வரை. பெண்கள் உள்ளிட்ட சிறப்பு பிரிவினருக்கு 55 வரை.

கொஞ்சம் பெரிதாக தொழில் செய்ய நினைக்கும் படித்தவர்களுக்கு 2012-13-ல் வந்த 'நீட்ஸ்' திட்டம் இருக்கிறது. இதிலும் 25 சதவீத மானியம் உண்டு. வட்டியிலும் 3 சதவீதம் சலுகை. எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்காக 2023-ல் அண்ணல் அம்பேத்கர் பெயரில் கொண்டு வரப்பட்ட திட்டத்தில் 35 சதவீத மானியமும் 6 சதவீத வட்டி சலுகையும் அறிவிக்கப்பட்டது.

முத்ரா கடனை பலர் மானிய கடன் என்று நினைக்கிறார்கள். அதில் மானியம் கிடையாது. ஆனால் சொத்து ஜாமீன் கேட்க மாட்டார்கள். 'சிசு' பிரிவில் 50 ஆயிரம் வரை, 'கிஷோர்' பிரிவில் 5 லட்சம் வரை, 'தருண்' பிரிவில் 10 லட்சம் வரை வாங்கலாம். ஏற்கனவே தொழில் நடத்துபவர்களுக்கு இதுதான் வழி.

மீன் வியாபாரம் செய்யும் பெண்கள் மீன்வளத்துறை அலுவலகத்தையும் விட்டுவிடக்கூடாது. 2020-ல் வந்த பிரதமரின் மீன்வள திட்டத்தில் ஐஸ் பெட்டியுடன் கூடிய வண்டிக்கு பெண்களுக்கு 60 சதவீதம், பொதுப்பிரிவுக்கு 40 சதவீதம் என்று மானியம் வகுக்கப்பட்டது. இந்த ஆண்டு ஒதுக்கீடு இருக்கிறதா என்று அங்கே கேட்டால் தெரிந்துவிடும்.

பாண்டி பக்கம் போனால் நடக்காது

பொம்மையார்பாளையம்காரர்களுக்கு எல்லாமே பாண்டிதான். மார்க்கெட், ஆஸ்பத்திரி, சினிமா எல்லாம் அங்கேதான். ஆனால் ரேஷன் கார்டு தமிழ்நாடு. எனவே புதுச்சேரி அரசு அந்த ஊர்க்காரர்களுக்கு தரும் மானியத்தை இங்கே இருப்பவர்கள் கேட்க முடியாது.

இவர்களுக்கான அலுவலகம் விழுப்புரத்தில் உள்ள மாவட்ட தொழில் மையம். ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்லை, ஒரு தடவை நேரில் போய் வருவது நல்லது. பேங்க் கணக்கு பாண்டியில் இருந்தால், விண்ணப்பத்தில் எந்த பேங்க், எந்த கிளையை போட வேண்டும் என்பதையும் அங்கேயே கேட்டு தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கிளையை மாற்றி போட்டால் விண்ணப்பம் அங்கும் இங்கும் அலைய நேரிடும்.

தொழில் தெரியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். விழுப்புரத்தில் இந்தியன் வங்கியின் சுயவேலைவாய்ப்பு பயிற்சி மையம் இருக்கிறது. தையல் உள்ளிட்ட பல தொழில்களுக்கு இலவச பயிற்சி, சாப்பாடும் இலவசம். பயிற்சி சர்டிபிகேட் இருந்தால் பேங்க் மானேஜரிடம் பேசுவதும் சுலபம்.

என்னென்ன வேண்டும்?

ஆதார், ரேஷன் கார்டு, ஜாதி சான்றிதழ், பள்ளி சான்றிதழ், போட்டோ, பேங்க் பாஸ்புக், மெஷின் கொட்டேஷன், திட்ட அறிக்கை, வாடகை இடமாக இருந்தால் ஒப்பந்தம். இவற்றை தயாராக வைத்துக்கொள்ள வேண்டும். விண்ணப்பம் ஆன்லைனில்தான் போட வேண்டும்.

திட்ட அறிக்கை என்றதும் பயப்பட வேண்டாம். என்ன தொழில், என்ன செலவு, மாதம் எவ்வளவு விற்கும், யார் வாங்குவார்கள், கடன் தவணை எப்படி கட்டப்படும் என்பதுதான் அது. அடுத்தவர் அறிக்கையை ஜெராக்ஸ் எடுத்து பெயரை மாற்றி கொடுத்தால், மானேஜர் கேட்கும் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வார்கள்.

பேங்க்கில் முதலில் பார்ப்பது 'சிபில்' மார்க். செல்போன் தவணை, பைக் லோன், குழு கடன் எதிலாவது பாக்கி இருந்தால் அதை முடித்துவிட்டு போவது நல்லது. பெரும்பாலான விண்ணப்பங்கள் அடிபடும் இடங்களில் இதுவும் ஒன்று.

10 லட்சம் ரூபாய் வரையிலான சிறுதொழில் கடனுக்கு சொத்து ஜாமீன் கேட்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. விண்ணப்பத்தை தள்ளுபடி செய்தால் காரணத்தை எழுத்துப்பூர்வமாக கேட்கலாம். அந்த காரணத்தை சரிசெய்து மறுபடியும் முயற்சி செய்யலாம்.

புரோக்கர் ஆசாமிகள் உஷார்!

'10 ஆயிரம் கொடுங்க, மானியம் வாங்கி தர்றேன்' என்று யாராவது வந்தால் அப்படியே திருப்பி அனுப்பி விடுங்கள். பி.எம்.இ.ஜி.பி. திட்டத்துக்கு ஏஜெண்டு யாரும் கிடையாது. விண்ணப்ப கட்டணமும் கிடையாது. 'உத்யம்' பதிவும் இலவசம்தான்.

'உங்களுக்கு முத்ரா லோன் பாஸ் ஆயிடுச்சு, பீஸ் கட்டுங்க' என்று போனில் வருவதும் மோசடியே. கடன் கொடுக்கும் பேங்க் அப்படி போனில் முன்பணம் கேட்காது. ஓ.டி.பி. எண்ணை யாரிடமும் சொல்லக்கூடாது. ஏமாந்து விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு போன் செய்ய வேண்டும்.

மானியத்தை நம்பி தொழில் தொடங்குபவர்கள் மானியம் வரும் முன்பே கடையை பூட்டிவிடுகிறார்கள். தொழிலை நம்பி தொடங்குபவர்களுக்கு 3 வருஷம் கழித்து மானியம் தானாக வந்து கடனை குறைக்கிறது. விழுப்புரத்துக்கு பஸ் ஏறும் முன் இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால், தையல் மெஷினும் மிஞ்சும், தாலியும் அடகுக்கு போகாது.