பழைய மோட்டார் சைக்கிளில் கார்புரேட்டர் கோளாறு: எரிபொருள் கலவை குறைவா, மிகையா என அறிவது எப்படி?

பாறசாலை: கேரளத்தின் தென்கோடியில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியுள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரக் கிராமங்களில் கார்புரேட்டர் பொருத்திய பழைய மோட்டார் சைக்கிள்கள் இன்றும் அன்றாடப் பயன்பாட்டில் உள்ளன. விடியற்காலையில் ரப்பர் பால் வெட்டப் புறப்படுவோருக்கும், எல்லை தாண்டிக் களியக்காவிளைக்குச் சென்று வருவோருக்கும் வண்டி கிளம்பாவிட்டால் அன்றைய வருவாயே பாதிக்கப்படும்.

காலையில் இன்ஜின் எளிதில் இயங்காமை, ஓடும்போது திணறல், மைலேஜ் குறைதல் ஆகியவை தென்பட்டவுடன் பலர் கார்புரேட்டரில் உள்ள கலவைத் திருகைத் திருப்பிப் பார்க்கின்றனர். ஆனால், பிற காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கிய பின்னர் கடைசியாகத் தொட வேண்டியது அந்தத் திருகுதான்.

கலவை என்றால் என்ன?

எத்தனால் கலக்காத பெட்ரோல் முழுமையாக எரிய, எடை அளவில் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று தேவை. பெட்ரோல் இதைவிடக் குறைந்தால் 'லீன்' கலவை என்றும், மிகுந்தால் 'ரிச்' கலவை என்றும் மெக்கானிக்குகள் கூறுவர். மிகைக் கலவையால் எரிபொருள் வீணாகி, கரி படியும். குறைக் கலவையால் இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகும். இரண்டில் குறைக் கலவையே ஆபத்தானது. குறிப்பாக, டூ-ஸ்ட்ரோக் வண்டிகளில் பிஸ்டன் இறுகி நின்றுவிடக்கூடும்.

பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபின், புதிய மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலும் எரிபொருள் உட்செலுத்து முறையே உள்ளது. அவற்றில் உள்ள உணரிகள் கலவையைத் தாமே சரிசெய்யும். கார்புரேட்டரில் ஜெட் துளையின் அளவு மாறாதது என்பதால் அந்த வசதி இல்லை.

எத்தனாலின் தாக்கம்

20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு அறிமுகமானது. எத்தனால் எரிய 9 பங்கு காற்றே போதும். எனவே, 20 விழுக்காடு கலந்த எரிபொருளுக்குத் தேவையான காற்று ஏறத்தாழ 13.5 பங்காகக் குறைகிறது. பழைய ஜெட் அதே அளவு எரிபொருளையே தருவதால், கலவை தானாகவே குறைக் கலவையின் பக்கம் சாய்கிறது. பழைய இருசக்கர வாகனங்களில் எரிபொருள் திறன் 3 முதல் 4 விழுக்காடு வரை குறையலாம் என நிதி ஆயோக் நிபுணர் குழு 2021-இல் மதிப்பிட்டது. பழைய ரப்பர் குழாய்களும் கேஸ்கெட்டுகளும் எத்தனாலால் உப்பி நலிவடையவும் கூடும்.

எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் தன்மை கொண்டது. இரு பருவமழைகளும் பெய்யும் இப்பகுதியில், வாரக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்திய வண்டியின் டேங்கில் நீர் சேர்ந்து அடியில் தங்கலாம். தமிழ்நாட்டில் விலை குறைவு என்பதால் களியக்காவிளையில் பெட்ரோல் நிரப்புவோர் உள்ளனர். எனினும், இரு மாநிலங்களிலும் எத்தனால் கலந்த பெட்ரோலே விற்கப்படுவதால், பங்க்கை மாற்றுவதால் இக்கோளாறு தீராது.

அறிகுறிகள்

குறைக் கலவையில் ஸ்பார்க் பிளக்கின் முனை வெளுத்திருக்கும். ஆக்சிலேட்டரை முறுக்கும்போது இன்ஜின் தயங்கும். விடும்போது சைலன்சரில் வெடிப்பொலி கேட்கும். மிகைக் கலவையில் பிளக்கில் உலர்ந்த கரி படியும். கரும்புகையும் பெட்ரோல் வாடையும் வரும். இளம் பழுப்பு நிறம் கலவை சரியாக இருப்பதைக் காட்டும். நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று பொருள். அது கார்புரேட்டர் கோளாறு அன்று.

எளிய சோதனை ஒன்றும் உண்டு. இன்ஜின் சூடான பின்னர் சோக்கைச் சற்றே இழுக்க வேண்டும். ஓட்டம் சீரானால் குறைக் கலவை. மேலும் திணறினால் மிகைக் கலவை.

கோளாறு தென்படும் நிலையும் இடத்தைக் காட்டித் தரும். ஐட்லிங்கில் நின்று போனால் பைலட் ஜெட்டையும், பாதி முறுக்கில் திணறினால் ஊசியையும், முழு முறுக்கில் வேகம் எடுக்காவிட்டால் மெயின் ஜெட்டையும் பார்க்க வேண்டும்.

சோதிக்கும் வரிசை

முதலில், இன்ஜின் ஆறிய பின், நெருப்பு இல்லாத திறந்த வெளியில் கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தில் உள்ள பெட்ரோலைக் கண்ணாடிப் புட்டியில் வடிக்க வேண்டும். நீர் இருந்தால் அடியில் தனியே தெரியும்; அப்போது டேங்கையும் காலி செய்து சுத்தப்படுத்துவது அவசியம். அடுத்து ஏர் பில்டர்: தூசியடைத்த பில்டர் காற்றைத் தடுத்து மிகைக் கலவையின் அறிகுறிகளை உண்டாக்கும். மூன்றாவதாக, கார்புரேட்டரை இன்ஜினுடன் இணைக்கும் ரப்பரில் விரிசல் உள்ளதா எனப் பார்க்க வேண்டும். ஐட்லிங்கில் அங்கே சிறிது நீர் தெளித்தவுடன் ஒலி மாறினால் காற்றுக் கசிவு உள்ளது என அறியலாம். பிளக்கையும் மாற்றிப் பார்த்த பின்னரே கார்புரேட்டரைக் கழற்ற வேண்டும்.

ஜெட் துளையைக் கம்பியால் குத்தக் கூடாது. பித்தளைத் துளை சிறிது விரிந்தாலும் கலவை நிரந்தரமாக மிகையாகிவிடும். கிளீனர் திரவமும் அழுத்தக் காற்றும் போதுமானவை. மிதவையின் ஊசி வால்வு தேய்ந்திருந்தால் ஓவர்புளோ குழாய் வழியாகப் பெட்ரோல் ஒழுகும்.

திருகைத் தொடும்போது

திருகை மெதுவாக உள்ளே முறுக்கி, எத்தனை சுற்று என்பதை முதலில் குறித்துக்கொள்வது நல்லது. ஏர் பில்டர் பக்கம் உள்ள திருகு காற்றைக் கட்டுப்படுத்துவதால் வெளியே திருப்பினால் பெட்ரோல் பங்கு குறையும். இன்ஜின் பக்கம் உள்ள திருகு பெரும்பாலும் கலவையைக் கட்டுப்படுத்துவதால் வெளியே திருப்பினால் கூடும். சூடான இன்ஜினில், ஐட்லிங் அதிகபட்சமாகவும் சீராகவும் உள்ள இடத்தில் நிறுத்தி, பின்னர் ஐட்லிங் திருகால் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

புகைச் சோதனையிலும் இது உதவும். 2000 மார்ச் 31-க்குப் பின்னர் தயாரான பழைய தலைமுறை போர்-ஸ்ட்ரோக் இருசக்கர வாகனங்களுக்குக் கார்பன் மோனாக்சைடு வரம்பு 3.5 விழுக்காடு ஆகும். மிகைக் கலவையில் ஓடும் வண்டி இவ்வரம்பைத் தாண்டலாம். எனவே, சான்றிதழ் பெறச் செல்லும் முன் பில்டரையும் பிளக்கையும் பார்த்துவிடுவது செலவைக் குறைக்கும்.